முன்கூட்டி வரைந்த முகம்

பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் படம் எல்லாருடைய ஃபோனுக்கும் போய்விட வேண்டும் என்பதில் கேரலுக்கு ஒரு பிடிவாதம். தட்டிய கையோடு ஜனங்கள் குனிந்து ஃபோனைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு அவள் உட்கார்ந்திருக்கும் மூலையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு திரும்பலுக்காகத்தான் இவ்வளவு அவசரமும்.

வார நாட்களில் அவள் பன்னிமண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். மைசூரில் வெப்சைட் செய்கிறவர்கள் சனிக்கிழமைகளில் எங்காவது கூடிப் பேசினால், மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் சாய்த்து வைத்த பலகையும் அவளுக்கென்று போட்டுவிடுவார்கள். மேடையில் ஒருவர் பேசப் பேச, காதில் விழுவதை அப்போதைக்கப்போதே சின்னச் சின்னப் படங்களாகவும் நாலைந்து வார்த்தைகளாகவும் பெரிய தாளில் இறக்கிக்கொண்டே போவாள். ஸ்கெட்ச்நோட் என்று அதற்குப் பெயர். வரமுடியாதவர்கள் அந்த ஒரு தாளைப் பார்த்தால் பேச்சு என்னவென்று பிடிபட்டுவிடும். அவள் கணவன் லாய்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சர்ச்சில் ஃபாதர் பிரசங்கம் செய்யும்போது பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருப்பாயே, அதற்குத்தான் இப்போது கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள் என்பான்.

இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. பேசுகிறவரின் முகம், பெயர், தலைப்பு, இந்த மூன்றையும் முன்கூட்டியே வீட்டில் வரைந்து வைத்துக்கொள்வாள். பேச்சு ஓடும்போது மூக்கையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? கூட்டத்தின் வெப்சைட்டில் எல்லார் ஃபோட்டோவும் இருக்கும். அதைப் பார்த்து, தாளின் நட்டநடுவில், அழியாத கறுப்பு மையில் முகத்தைப் போட்டுவிட்டால் மறுநாள் அதைச் சுற்றி நிரப்பினால் போதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவள் மகேந்திரன் என்பவரின் தாடியைப் போட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுவரை இறங்கும் தாடி. இழை இழையாக வரைய அவளுக்கே ஆசையாக இருந்தது. சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த லாய்ட் எட்டிப் பார்த்தான்.

"ஆளு என்ன பேசுவாரு தெரியாது. வருவாரா, அதுவும் தெரியாது. மூஞ்சி மட்டும் ரெடி."

"எல்லாரும் வருவாங்க. நீ சப்பாத்தியைத் திருப்பு, கருகுது."

மறுநாள் கூட்டம் ஹுணசூரு ரோட்டில் ஒரு காலேஜ் அரங்கில். நடத்துகிறவர் கிளைவ். சர்ச் பாட்டுக் குழுவில் பழக்கம், கேரலை இந்த வேலைக்கு இழுத்து வந்தவரும் அவர்தான். காலையிலேயே எல்லாரிடமும் ஒரு விஷயம் சொல்லிவைத்திருந்தார். பெங்களூரில் இதைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம் நடக்கப்போகிறது, அதில் பேச மைசூரிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க சௌம்யா என்கிற அம்மாள் சாயங்காலம் டீ நேரத்துக்கு வருகிறார். காலைப் பேச்சுகளை அவர் கேட்கப்போவதில்லை. பேச்சைப் பதிவு செய்ய இங்கே கேமராவும் கிடையாது. சுவரில் ஒட்டியிருக்கும் கேரலின் படங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதனால், பேசுகிறவர்கள் கேரலுக்குக் கேட்கிற மாதிரி பேசுங்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

மகேந்திரனின் முறை வந்தபோது கேரல் அவருடைய தாளைப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தாள். கிளைவ் வேகமாக வந்து குனிந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முன்னால் கரும்பு லாரி ஒன்று கவிழ்ந்து ரோடு அடைத்துவிட்டதாம், மகேந்திரனின் கார் நடுவில் மாட்டிக்கொண்டதாம், அவர் ஆபீஸ் பெண் பேசப்போகிறாளாம். அந்தப் பெண் அவருக்குப் பின்னாலேயே நின்றாள். பெயர் தமிழ்ப்ரியா. ஹனூர் பக்கத்துப் பெண். படித்து முடித்ததிலிருந்து மகேந்திரனின் கம்பெனியில்தான் வேலை. மகேந்திரன் பேசவிருந்த வேலை முழுக்க அவள் செய்தது, ஸ்லைடும் அவள் போட்டது, முதல் ஸ்லைடில் பெயர் மட்டும் அவருடையது என்பது கிளைவுக்குத் தெரியும். அவர்தான் கேரலிடம் சொன்னார். தமிழ்ப்ரியா கேரலின் பலகையைப் பார்க்கவில்லை. கிளைவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாயங்காலம் அவங்க பாக்கற படத்துல எம்பேரு வருமுங்களா?"

"வராம என்ன? பேசறவங்க பேருதானேம்மா வரும்" என்றார் கிளைவ். கேரலும் தலையை ஆட்டினாள்.

ஆட்டிவிட்டாளே தவிர, தாளின் நடுவில் தாடி உட்கார்ந்திருந்தது. உபரித் தாள் அவள் கொண்டுவரவில்லை. பின்பக்கம் என்று ஒன்று இருப்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. முடிந்ததும் வெள்ளை ஸ்டிக்கர் தாளை முகத்தின் மேல் ஒட்டி இந்தப் பெண்ணை வரைந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

தமிழ்ப்ரியா முதலில் ஸ்லைடைப் பார்த்து வாசித்தாள். இங்கிலீஷ் இடறியது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்களின் நேரத்தைச் சொல்ல அவர்கள் கம்பெனி ஒரு வெப் பக்கம் செய்திருந்தது. ஆபீஸில் கண்மூடித் திறப்பதற்குள் திறக்கும் அந்தப் பக்கம் மலைப்பாதையில் திறக்கவே மறுத்தது, அதை எப்படிச் சரி செய்தோம் என்பது பேச்சு. பாதி வரைக்கும் கேரலுக்கு வரைய ஒன்றும் அகப்படவில்லை. பெட்டி, அம்புக்குறி, மறுபடி பெட்டி.

அப்புறம் அந்தப் பெண் ஸ்லைடை விட்டுவிட்டாள். கொள்ளேகாலில் பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பழனாத்தாள் என்கிற அம்மாளைப் பற்றிச் சொன்னாள். மலைக்குப் போகிறவர்கள் வழியில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் அந்த பஸ்ஸில் ஏறியதே. ஹனூர் தாண்டியதும் சிக்னல் ஒற்றைக் கோடாகிவிட்டது. பழனாத்தாள் ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தாள். வெப் பக்கத்தின் உச்சியில் கோயில் கோபுரத்தின் பெரிய ஃபோட்டோ ஒன்று வைத்திருந்தார்கள். அது வந்தால்தான் கீழே நேரம் வரும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பழனாத்தாள் ஃபோனைச் சுருக்குப்பைக்குள் போட்டுவிட்டுக் கண்டக்டரிடம் கேட்டாள், அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே திரும்பும் பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என்னுடைய அளவுகோல் அந்தக் கண்டக்டர்தான் என்றாள் தமிழ்ப்ரியா. அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கம் திறக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, எழுத்தை முதலில் அனுப்புவது. படம் பின்னால் மெதுவாக வந்து சேரட்டும்.

அரங்கு சிரித்தது. கேரலின் பேனா பறந்தது. விசிலைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு கண்டக்டரும், கால் முளைத்த ஒரு ஃபோனும் மலைப்பாதையில் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஃபோனின் முதுகில் கோபுரம் ஒரு மூட்டையாக. இரண்டு வருடத்தில் அவள் வரைந்ததிலேயே நல்ல படம். பேச்சு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அவள் உடம்பு பழக்கத்தில் எழுந்தது, கை பழக்கத்தில் ஃபோனை எடுத்தது, எடுத்த ஃபோட்டோ பழக்கத்தில் கூட்டத்தாரின் குரூப்புக்குப் போனது. கைதட்டல் ஓயவில்லை.

தமிழ்ப்ரியா மேடையிலிருந்து இறங்கி நேராகப் பலகைக்குத்தான் வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டரைப் பார்த்து இன்னும் சிரித்தாள். பிறகு நடுவில் பார்த்தாள்.

கேரலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டிக்கர் தாள் மேசையில் மடித்தபடி இருந்தது. தன் ஃபோனை அவசரமாக எடுத்து குரூப்பிலிருந்து படத்தை அழித்தாள். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. மகேந்திரன் அருமை, மகேந்திரன் கலக்கிவிட்டார் என்று பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மகேந்திரனே கீழே இரண்டு கூப்பிய கைகளைப் போட்டிருந்தார்.

கேரல் என்னென்னவோ சொன்னாள். முகம் முதலில் வரைவது வழக்கம், ஒட்டலாம் என்றிருந்தேன், கை முந்திக்கொண்டது. தமிழ்ப்ரியா எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கய்யனுக்கு அனுப்பலாம்னு பாத்தனுங்க்கா. நான் என்ன வேலை பாக்கறேன்னு அவருக்கு இதுவரைக்கும் வெளங்குனதே இல்லை. படமா இருந்தாப் புரியும். இதுல சாரு மூஞ்சியில்ல இருக்குது."

சாப்பாட்டு நேரம் முழுக்க கேரல் சாப்பிடாமல் ஒட்டு வேலை செய்தாள். ஸ்டிக்கரில் தமிழ்ப்ரியாவின் முகத்தை நன்றாகத்தான் வரைந்தாள், தலைப்பின் கீழே இருந்த பெயரையும் மூடி எழுதினாள். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், முகத்துக்குக் கீழே தாடி வெளியே நின்றது. மகேந்திரனின் தாடி அத்தனை நீளம். இன்னொரு துண்டு ஒட்டினாள். ஓரத்தில் இழைகள் எட்டிப் பார்த்தன. மேலும் ஒட்டினால் கண்டக்டரின் கால் மறைந்துவிடும். கிளைவ் வந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு தாடி வெச்சிருக்கீங்க கேரல்."

தமிழ்ப்ரியாவும் வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது சிரிப்புக்காக மட்டும் இல்லை என்பது கேரலுக்குத் தெரியாமல் இல்லை.

டீ நேரத்தில் மத்தூர் வடையும் காபியும் வராந்தாவுக்கு வந்தன. சுவரில் காலைப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. மகேந்திரன் அப்போதுதான் வந்து சேர்ந்தார், சட்டை கசங்கி, வெயிலில் நின்ற முகத்தோடு. ஃபோனில் படத்தை மட்டும் பார்த்திருந்த நாலு பேர் வாசலிலேயே கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கம்பெனிக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்துக் குலுக்கினார்.

அவருக்குப் பின்னாலேயே சௌம்யா வந்தார். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். ஒவ்வொரு படத்தையும் ஓரிரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்தவர், பந்தயப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஃபோனை எடுத்து அதிலிருந்த படத்தையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஃபோனில் தாடிக்காரர். சுவரில் தாடி வைத்த பெண். யாரோ பையன்கள் விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அதைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தில் அசல் தாடியே நின்றுகொண்டிருந்ததால் அவரிடமே திரும்பி, பெங்களூருக்கு வந்து இதைப் பேசவேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார்.

மகேந்திரன் முகம் மலர்ந்தது. தூணோரம் நின்ற தமிழ்ப்ரியாவின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. கேரல் பேச வாயெடுத்தாள். அதற்குள் சௌம்யா அடுத்ததைக் கேட்டுவிட்டார். இந்தக் கண்டக்டர் எதற்காக ஃபோனோடு போட்டி போடுகிறார்?

மகேந்திரன் படத்தின் அருகில் போனார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். தன் பேச்சில் கண்டக்டர் எவரும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை, ஸ்லைடிலும் இல்லை. மார்க்கெட்டில் நமக்குப் போட்டி அதிகம், அதைக் காட்டுகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள் என்றார். சரி, முதுகில் இந்த மூட்டை? அதுவும் போட்டிதான், சுமை ஜாஸ்தி என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது. ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அது போட்டி இல்லீங்க சார்" என்றாள் தமிழ்ப்ரியா தூணிலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வராந்தாவில் கேட்டது.

மகேந்திரன் திரும்பினார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு தன்னைப் பார்த்தே சிரித்தார்.

"நான் கரும்பு லாரிக்குப் பின்னாடி உக்காந்திருந்தேம்மா. ஃபோன்ல என்ன வந்ததுன்னு தெறந்துகூட பாக்கலை, கும்பிடு போட்டு அனுப்பிட்டேன். கண்டக்டரு யாருன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

சௌம்யாவிடமும் சொன்னார், இந்தப் பேச்சைப் பேசினது நான் இல்லை மேடம், இவள். வேலை செய்ததும் இவள்தான். இரண்டாவதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டார்.

தமிழ்ப்ரியா டம்ளரைத் திண்டில் வைத்தாள். ஸ்லைடு இல்லை, மைக் இல்லை. முதலில் கன்னடத்தில் ஆரம்பித்தாள், கண்டக்டர் வந்ததும் தமிழ் தானாக வந்தது, பழனாத்தாள் ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியதைக் கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தம்மா எங்கிட்டச் சொல்லுச்சுங்க, 'இதையப் பாத்துட்டிருந்தா மலையேறுன மாதிரிதாங் கண்ணு, கண்டக்டரு தம்பி வாயில நெட்டுவர்க்கு நல்லா இருக்குது'ன்னு. நாங்க செஞ்ச பக்கமுங்க அது. நான்தான் செஞ்சதுன்னு அவங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை."

காலையில் இதை அவள் சொல்லவில்லை. வடையோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக அருகில் வந்தார்கள்.

கேரல் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினாள். திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, மை கசிந்த இடங்களில் மட்டும் சாம்பல் புள்ளிகள். தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்து, இந்த முறை ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை. சுருக்குப்பை. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். ஓட்டப் பந்தயம் மறுபடி வந்தது, இப்போது ஃபோன் எழுத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கண்டக்டருக்கு ஒரு அடி முன்னால் ஓடியது, கோபுரம் பின்னால் நிதானமாக நடந்து வந்தது. நடுவில் கை வைக்கவில்லை. பேச்சு முடியப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஃபோட்டோ கிடையாது. எதிரில் ஆள் இருந்தாள், நெற்றியில் ஒட்டிய முடியோடு, ஒரு கையை இன்னும் நீட்டியபடி. அப்படியே வரைந்தாள். கீழே பெயரை எழுதினாள்.

யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை. காலேஜ் வராந்தாவில் டம்ளரோடு நிற்கிறவர்கள் எப்படித் தட்டுவார்கள். சௌம்யா கேள்வி கேட்டார், தமிழ்ப்ரியா பதில் சொன்னாள், மறுபடி கேட்டார். பெங்களூரில் பெரிய மேடை கொடுக்க முடியாது, அதற்கு ஏற்கனவே ஆள் இருக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இடம் காலியாக இருக்கிறது, எல்லாரும் தூங்கி வழியும் நேரம், சம்மதமா என்றார்.

"மலை பஸ்ஸுலயும் எல்லாரும் தூங்கிட்டுத்தான் வருவாங்க மேடம்" என்றாள் தமிழ்ப்ரியா. சௌம்யா சிரித்துக்கொண்டே ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மகேந்திரன், வெளியே பரவியிருந்த பழைய படத்துக்குக் கீழே, பேசியது நான் அல்ல, என் சக ஊழியர் தமிழ்ப்ரியா என்று எழுதினார். அதைச் சிலர் பார்த்தார்கள். தாடிப் படம் என்னவோ இன்றைக்கும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது, பிடித்து நிறுத்த வழியில்லை.

கேரல் மையை ஊதிக் காயவைத்துவிட்டு எழுந்தாள். முழங்கால் வலித்தது. கை பழக்கத்தில் ஃபோனைத் தேடியது. எடுத்த ஃபோனை மறுபடி பைக்குள் போட்டுவிட்டுத் தாளைத் தமிழ்ப்ரியாவின் முன்னால் நிமிர்த்திப் பிடித்தாள்.

"நீயே எடும்மா. மொதல்ல உங்கப்பாவுக்கு. குரூப்புக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

தமிழ்ப்ரியா எடுத்தாள், அனுப்பினாள். ஹனூருக்கு அந்தாண்டை மஞ்சள் பயிரிட்ட காட்டில் நிற்கும் அவள் அப்பா சித்தையனின் ஃபோனுக்குப் படம் புறப்பட்டது. இரண்டு பேரும் வராந்தாப் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். கூட்டம் உள்ளே போய்விட்டது. போய்ச் சேர்ந்ததாக அடையாளம் வந்தது, ஆனால் பதில் இல்லை. அவர் காட்டில் சிக்னல் கிணற்று மேட்டில் மட்டும்தான் நன்றாக வரும் என்றாள். படம் அங்கே வட்டமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையில் லேசாகத் தட்டிக்கொண்டாள். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சொன்னதைத் தான் செய்யவில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி தட்டினாள்: அய்யா, இன்னைக்கு மேடையில நான் பேசுனேன்.

அந்த வரி உடனே போனது. சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. சித்தையனின் குரல் இரைச்சலுக்கு நடுவே விட்டு விட்டு வந்தது, பக்கத்தில் இருந்த கேரலுக்கும் கேட்டது.

"படம் இன்னும் வருல கண்ணு, சுத்திக்கிட்டே இருக்குது. அது வரப்ப வருட்டும். என்ன பேசுனே, சொல்லு."

தமிழ்ப்ரியா முழங்காலைக் கட்டிக்கொண்டு, கொள்ளேகாலில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தாள்.